லெஃப்ட் மரை

மோட்டார் சைக்கிளில் ஆயில் இருக்க வேண்டிய இடம் எஞ்சின். என் வண்டியில் அது எஞ்சினைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருந்தது. செயினில் இருந்தது, பின் டயரில் இருந்தது, என்னிடம் உள்ள அத்தனை பேன்ட்டின் வலது காலிலும் இருந்தது. மார்கழி மாதம் மனைவி வாசலில் போட்ட கோலத்தில், பூசணிப்பூ வைக்க வேண்டிய நட்டநடுவில், கறுப்பாக ஒரு சொட்டு இருந்தது. அன்றோடு வண்டி எதிர்வீட்டு வேப்பமரத்தடிக்குக் குடிபோயிற்று. என்னை மட்டும் வீட்டுக்குள் அனுமதித்தார்கள். அதுவும் கால் கழுவிக்கொண்டு வந்தால்தான்.

வண்டி மாமனாருடையது. 1984 மாடல் புல்லட், 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று இருக்கும் பழைய ரகம். முட்டிவலி வந்து கிக்கரை உதைக்க முடியாமல் போனதும், "மாப்பிள்ளை, இனிமே இது உங்க சொத்து" என்று சாவியைக் கையில் கொடுத்தார். சொத்தோடு கடனும் சேர்ந்து வரும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

சாவியோடு சரித்திரமும் வந்தது. புல்லட் என்ற பெயர் இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரில் 1932-இல் பிறந்தது, துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகம் செய்து கொடுத்த கம்பெனி என்பதால்தான் பேரில் என்ஃபீல்டும் சின்னத்தில் பீரங்கியும் வந்தன, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து நம் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் காலூன்றியது, 1967-இல் ரெட்டிட்ச் ஆலையை அவர்கள் மூடிவிட்டார்கள், நாம் மூடவில்லை. "1977-ல இங்கேருந்து இங்கிலாந்துக்கே வண்டி அனுப்பினோம் மாப்பிள்ளை! வெள்ளைக்காரனுக்கே!" என்று முடிக்கும்போது, துறைமுகத்தில் தானே தோள்கொடுத்துக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தவர் மாதிரி அவருக்கு மூச்சு வாங்கும். அவர் ரிட்டயர் ஆனது மின்வாரியத்தில்.

குறை வண்டியின் மேல் இல்லை. குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம் என்ற கொள்கையில், ஆயிலை மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டியவன் நான். ஃபில்ட்டர் என்று ஒன்று இருப்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரியும். எஞ்சினும் பொறுத்துப் பார்த்தது. பிறகு 'டக் டக்' என்று டேப்பட் சத்தம் ஆரம்பித்தது. மேட்டில் ஏறும்போது முனகியது. நாலு நாள் நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்தால் சைலன்ஸரிலிருந்து வெள்ளைப் புகை தெருவை நிறைத்தது. மாநகராட்சியிலிருந்து கொசுமருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்று ஜன்னல்களை எல்லோரும் சாத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் சந்தோஷமாகப் பின்னால் ஓடிவந்தார்கள். என் வாழ்க்கையில் ஊர்வலம் என்று நடந்தது அது ஒன்றுதான்.

தெருமுனை மெக்கானிக் பாய், வண்டியைத் தொடக்கூட இல்லை. டீ கிளாஸோடு நின்றபடி காதைச் சாய்த்துக் கேட்டார். "கேம் தேஞ்சுபோச்சு சார். ஆயில் பம்பும் அவுட். விட்டுட்டுப் போங்க, ஒரு வாரம் ஆகும்." கூலியையும் சொன்னார். நியாயமான கூலிதான். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி நான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்திருந்தேன். அதில் ஒருவர் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் கேமையும் பம்பையும் கழற்றி மாட்டி, எஞ்சினைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

"நானே பண்ணிடுவேன்" என்று ராத்திரி சாப்பாட்டில் அறிவித்தேன். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏங்க, போன தடவை குழாய்க்கு வாஷர் மாத்தினீங்களே, அந்த மாதிரியா?" என்று கேட்டாள். குழாய்க்கு வாஷர் மாற்றிய விஷயம் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தம் இல்லாதது.

இந்த எஞ்சினில் ஆயில் ஓடும் விதத்தைக் கேட்டால் உங்களுக்கே ஆசை வரும். கிராங்க் கேஸின் வார்ப்பிலேயே ஆயிலுக்கென்று தனி அறை உண்டு. வலது பக்க டைமிங் கவருக்குள் இரண்டு குட்டி பம்புகள். ஒன்று அறையிலிருந்து ஆயிலை எடுத்து எஞ்சினுக்கு அனுப்பும். இன்னொன்று கீழே வடிந்ததை உறிஞ்சித் திருப்பும், போகிற வழியில் மேலே ராக்கருக்கும் கொஞ்சம் கொடுக்கும். அனுப்புகிற பம்பை விடத் திருப்புகிற பம்புக்குக் கொள்ளளவு அதிகம். இல்லாவிட்டால் அடியில் ஆயில் தேங்கி, கிராங்க் அதில் நீச்சலடிக்கும். பம்பின் டிஸ்க்கும் அது உட்காரும் இடமும் தேய்ந்துவிட்டால் வண்டி சும்மா நிற்கும்போதே அறையில் உள்ள ஆயில் நைசாக இறங்கிக் கீழே போய் நின்றுகொள்ளும். கொசுமருந்துப் புகை அதனால்தான்.

இதையெல்லாம் மனைவிக்குப் படம் போட்டு விளக்கினேன். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வரவு பம்பை விடச் செலவு பம்பு பெரிசா இருந்தாத்தான் ஓடும்னு கண்டுபிடிச்சவர் ஒருத்தர் இங்கிலாந்துல இருந்திருக்காரு. இன்னொருத்தர் நம்ம வீட்டுல இருக்காரு" என்றாள்.

சாமான் வாங்க ஜி.பி. ரோடு போனேன். மோட்டார் சாமான்களுக்குச் சென்னையில் அதுவும் புதுப்பேட்டையும்தான் கதி. கவுன்ட்டரில் இருந்தவர் கேள்விகளை அடுக்கினார். 350-ஆ 500-ஆ, பாயின்ட்டா எலெக்ட்ரானிக்கா, நாலு கியரா அஞ்சு கியரா, டேப்பட்டும் மாத்தணுமா. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. இன்லெட் கேம், எக்ஸாஸ்ட் கேம், பம்ப் டிஸ்க், பிளன்ஜர், ஸ்பிரிங், பம்பைச் சுழற்றும் வார்ம், பேக்கிங் எல்லாம் மேஜைக்கு வந்தன. பில் போடும்போது, "யாரு சார் மாட்டறது?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "டேய், இதுக்கு இன்னொரு பேக்கிங் எடுத்துத் தனியா வைடா. சார் திரும்ப வருவாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேப்பமரத்தடி. டைமிங் கவரின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அதனால் புடவைப் பெட்டியின் மூடியில் கவரின் படத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். நான் செய்த வேலைகளிலேயே விஞ்ஞானபூர்வமானது அது ஒன்றுதான். அதையும் பெண் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு ஓட்டை காலியா இருக்கே?" என்றாள். ஸ்க்ரூ சட்டைப் பையில் இருந்தது. அதைச் சாயங்காலம் வாஷிங் மெஷின் சொன்னது. உள்ளேயிருந்து 'டக் டக்' என்று கேட்டபோது, இதற்குமா டேப்பட் தேய்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கவரை ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டினேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். அசைந்தது. அதற்குள் தேங்கியிருந்த ஆயில் மொத்தமும் கீழே விரித்திருந்த பேப்பரில் கொட்டியது. அது அன்றைய பேப்பர். மாமனார் இன்னும் படிக்காதது.

பழைய கேமை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தன் மூக்கால் டேப்பட்டைத் தூக்க வேண்டும். டேப்பட் புஷ் ராடைத் தூக்க, அது ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கும். அந்த மூக்கின் மேல்தோல்தான் உறுதியானது. என் கேமில் அது போயிருந்தது. நுனியில் பொடிப்பொடியாகக் குழி, நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. புதுக் கேமின் மூக்கோடு சேர்த்து வைத்தால் பழையது சப்பை. "1984-லேருந்து உழைச்ச மூக்கு" என்று மாமனார் கையில் வாங்கிக்கொண்டார். அது இப்போது அவருடைய பீரோவில், பென்ஷன் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது வார்ம். கிராங்க் முனையில் நட்டு மாதிரித் திருகி உட்கார்ந்திருக்கும். அதிலுள்ள பல்தான் பம்ப் ஸ்பிண்டிலைச் சுழற்றும். கழற்றும்போது கிராங்க் சுற்றாமல் இருக்க வண்டியைக் கியரில் போட்டுப் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். மாமனார் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, நல்ல முட்டி உள்ள காலால் பிரேக்கை மிதித்தார். நான் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். நகரவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி இழுத்தேன். வண்டி நகர்ந்தது, மாமனாரும் நகர்ந்தார், வார்ம் நகரவில்லை.

பிரித்த எஞ்சின் பொதுச்சொத்து என்பது எனக்கு அன்று தெரிந்தது. கவர் மூடியிருந்தபோது ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத வண்டி அது. திறந்து வைத்ததும் பேங்க்கில் ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டூலோடு வந்தார். இஸ்திரி வண்டிக்காரர் வந்தார். கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார். "சூடு காட்டுங்க சார்" என்றார் இஸ்திரி, தன் தொழில் ஞானத்தில். "கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ஊறவச்சா வரும்" என்றார் கீரைக்காரம்மா. பேங்க்காரர் எதற்கும் அவசரப்படாதவர். "இன்னும் கொஞ்சம் ஃபோர்ஸ் குடுத்துப் பாருங்க" என்று ஸ்டூலில் இருந்தபடியே சொன்னார். கொடுத்தேன். வார்ம் எனக்கு மசியவில்லை, என் இடுப்பு எனக்கு மசிந்துவிட்டது.

அப்போது தண்ணீர் கேன் போட வந்த பையன், கேனைத் தோளிலிருந்து இறக்காமலே, "அண்ணே, அது லெஃப்ட் மரை. சைக்கிள்ல இடது பெடல் இருக்குல்ல, அதே தினுசு. அந்தப் பக்கம் திருப்புங்க" என்றான். திருப்பினேன். லொடக் என்று வந்தது. பம்பைச் சுழற்றுகிற இழுவையில் வார்ம் தானே கழன்றுவிடாமல் இருக்கத்தான் மரையை இடப்பக்கமாக வெட்டியிருக்கிறார்கள். அதுவரை நான் கழற்றிக்கொண்டிருக்கவில்லை. மாமனாரை உட்காரவைத்து, தெருவையே சாட்சி வைத்து, இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மனைவி மாடியிலிருந்து கேட்டாள், "ஏங்க, அதுக்கு மட்டும்தான் மரை தலைகீழா?"

பம்ப் டிஸ்க்குகளை அப்படியே போட்டு மூடிவிட முடியாது. கவரில் டிஸ்க் உட்காரும் இடம் கண்ணாடி மட்டத்துக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியும். வால்வுக்குப் போடும் கிரைண்டிங் பேஸ்ட்டைக் கடுகளவு தொட்டுத் தடவி, டிஸ்க்கை விரலால் இப்படி அரைச்சுற்று, அப்படி அரைச்சுற்று என்று திருகிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சாம்பல் நிறம் வரும். திட்டுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே வட்டமாக வந்தால் வேலை முடிந்தது. பிறகு ஒரு துகள் பேஸ்ட்கூட மிஞ்சாமல் பெட்ரோலில் கழுவ வேண்டும். மிஞ்சினால் அது எஞ்சினையே அரைக்கப் புறப்பட்டுவிடும். மூலை முடுக்கைத் தேய்க்க மனைவி ஒரு பழைய டூத் பிரஷ் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த அளவுக்கு ஒத்துழைக்கிறாளே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அது என்னுடைய பிரஷ் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது. அவள் கணக்கில் பழையது.

கேம் மாட்டுவதில் ஒரே சூட்சுமம், புள்ளி. சக்கரங்களின் பற்களில் சின்னதாகக் குறி போட்டிருப்பார்கள். குறியோடு குறி சேரவேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் வால்வு நேரம் தப்பித் திறக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு விரலால் டேப்பட்டைத் தூக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துவிட்டேன். "நான் பார்க்கறேன், தள்ளுங்க" என்று மனைவி வந்தாள். குனிந்து பார்த்தாள். முந்தானை நுனியால் ஒரு புள்ளியைத் துடைத்தாள். புள்ளி போய்விட்டது. நான் அவ்வளவு நேரம் குறிபார்த்துச் சேர்த்தது ஒட்டிக்கொண்டிருந்த கிரீஸ் பிசிறு. "வருஷமெல்லாம் புள்ளிக்கோலம் போடறவ வீட்டுல இருக்கேன்" என்று சொல்லி, நிஜமான புள்ளியைக் காட்டிவிட்டு, சாம்பாருக்குப் பருப்பு வேகவைக்கப் போய்விட்டாள்.

எல்லாம் சேர்த்து, பேக்கிங் ஒட்டி, கவரை மாட்டி, கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டுத் துணியை உதறினேன். துணியிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ரப்பர் கார்க் விழுந்தது. கவரிலிருந்து கிராங்க் முனைக்கு ஆயில் தாண்டுகிற இடத்தில் இருக்க வேண்டிய சீல் அது. அது இல்லாவிட்டால் பம்ப் பாட்டுக்கு ஆயிலைத் தள்ளும், அது பிக் எண்டுக்குப் போய்ச் சேராது. வண்டி கொஞ்ச தூரம் கம்பீரமாக ஓடிவிட்டு நிரந்தரமாக நிற்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். பேக்கிங் கிழிந்தது. ஜி.பி. ரோடு போனேன். கடைப் பையன் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. தனியாக எடுத்து வைத்திருந்ததை நீட்டினான்.

மிச்சம் இருந்தது இக்னிஷன் டைமிங். பாயின்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிகரெட் தாளைப் பாயின்ட்டின் நடுவில் வைத்து லேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினைத் திருப்ப வேண்டும். தாள் எப்போது வழுக்கி வருகிறதோ அப்போது பாயின்ட் திறக்கிறது. தாளுக்காகப் பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன். நான் வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. "இந்த வயசுல புதுசா இது வேறயா?" என்றாள் மனைவி. தாளைக் காட்டினேன். "புகையிலை எங்கே?" என்றாள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் பேங்க்காரர். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்துக்கு இன்றுவரை வட்டி கட்டுகிறேன்.

ஃபில்ட்டர் அறையில் ஆயிலை ஊற்றி நிரப்பினேன். அந்த அறை நிறையும்வரை காத்திருக்காமல் பிக் எண்டுக்கு ஆயில் சீக்கிரம் போய்ச் சேர அது முக்கியம். டீகம்ப்ரஸரை அழுத்தி, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்கி, தெருவே பார்க்க ஓங்கி ஓர் உதை விட்டேன். சைலன்ஸரிலிருந்து 'டமார்' என்று ஒரு வெடி வெடித்தது. வேப்பமரத்துக் காகங்கள் பறந்தன. பேங்க்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பீரங்கிச் சின்னத்துக்கு மாமனார் சொன்ன சரித்திரத்தில் எனக்கு அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.

சத்தம் கேட்டுப் பாய் வந்தார். டீ கிளாஸோடுதான். பிளக்கைக் கழற்றி, என் கட்டைவிரலை எடுத்து அந்த ஓட்டையில் வைத்து, "நான் கிக்கரை மெதுவா அமுக்கறேன், காத்து எப்பத் தள்ளுதுன்னு சொல்லுங்க" என்றார். பிஸ்டன் மேலே வருவது இரண்டு தடவை. ஒரு தடவை வால்வெல்லாம் மூடி, காற்றை அமுக்கிக்கொண்டு வரும். மறுதடவை புகையை வெளியே தள்ளிக்கொண்டு வரும். நெருப்புப்பொறி வேண்டியது முதல் தடவைக்கு. நான் வைத்திருந்தது இரண்டாவதற்கு. பாய் ஐந்து நிமிடத்தில் அதைச் சரிசெய்து, புஷ் ராடுகளைத் தொட்டுப் பார்த்தார். மேலும் கீழும் ஆடக்கூடாது, ஆனால் விரலால் திருகினால் சுற்றவேண்டும். அதுவும் ஆயிற்று. ஓர் உதை. 'டப் டப் டப்' என்று எடுத்தது. ராக்கருக்குப் போகும் ஆயில் பைப் போல்ட்டை அரைச்சுற்றுத் தளர்த்தினார். ஓரத்தில் பொன்னிறமாகப் புது ஆயில் முத்துக்கட்டி நின்றது. "பம்ப் நல்லா வேலை செய்யுது சார்" என்றார்.

காசு எவ்வளவு என்றேன். "எதுக்கு சார்? ஞாயித்துக்கிழமை ஃபுல்லா எங்க கடைப் பசங்க இங்கதான் வேடிக்கை பார்த்தாங்க. நல்லா கத்துக்கிட்டானுங்க, எப்படிப் பண்ணக்கூடாதுன்னு" என்றார்.

மனைவி பிறகு கணக்குப் பார்த்தாள். மிச்சம் பிடித்த கூலி, இரண்டாவது பேக்கிங், என் இடுப்புக்குத் தைலம், மாமனார் முட்டிக்குத் தைலம், கறைபட்ட சட்டை, ஒரு டூத் பிரஷ், ஒரு சிகரெட். வரவு பம்பு சின்னது, செலவு பம்பு பெரியது. ஆனால் வண்டி ஓடுகிறது, டேப்பட் சத்தம் இல்லை, ஆயில் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. வண்டியை மறுபடி வாசலில் நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டாள். அடியில் ஒரு தட்டு வைத்து.

உங்களிடம் பழைய புல்லட் இருந்தால் சொல்கிறேன். ஆயிலை வேளாவேளைக்கு மாற்றுங்கள், ஃபில்ட்டரையும் மாற்றுங்கள், மூடியிருக்கிற கவரை மூடியே இருக்க விடுங்கள். பிரித்தே தீருவேன் என்றால், வார்ம் லெஃப்ட் மரை என்பதை மறக்காதீர்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். யோசனை சொல்ல நானும் பேங்க்காரரும் வருகிறோம். ஸ்டூல் நாங்களே கொண்டுவந்துவிடுவோம்.